400 மீட்டர் ஓடி முடித்ததும் உட்காராதீர்கள்

400 மீட்டர் ஓட்டத்தில் கோட்டைத் தாண்டியதும் தடத்திலேயே சரிந்து விழுபவர்களைப் பார்த்திருப்பீர்கள். உடம்பு கேட்பது அதைத்தான், கொடுக்காதீர்கள். முழு வேகத்தில் ஓடும்போது ஆக்சிஜன் வழியாகக் கிடைக்கும் சக்தி மட்டும் தசைக்குப் போதாது. அதனால் சர்க்கரையை அவசரமாக உடைக்கிறது, அப்போது உண்டாகும் லாக்டேட் என்ற பொருள் ரத்தத்தில் குவிகிறது. ஓய்வில் லிட்டர் ரத்தத்துக்கு 1 மில்லிமோல் அளவில் இருப்பது, தேர்ந்த வீரருக்கு 20ஐயும் தொடும். மாரத்தான் வீரருக்கு இந்தத் தொல்லை குறைவு. சில மில்லிமோல்களைத் தாண்டாத வேகத்தில்தான் அவர் ஓடுகிறார்.

ஆகவே முடித்ததும் 10 முதல் 15 நிமிடம் மெல்லோட்டமும் நடையுமாக இருங்கள். பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம் போதும். இதயமும் தசைகளும் லாக்டேட்டை எரிபொருளாக எடுத்துக்கொள்ளும். ரத்தமும் காலில் தேங்காது. தலைசுற்றல் பெரும்பாலும் அந்தத் தேக்கத்தால்தான் வருகிறது.

மறுநாள் கால்வலிக்கும் லாக்டேட்தான் காரணம் என்று மைதானங்களில் இன்றும் சொல்கிறார்கள். பாவம், அதன் மீது வீண்பழி! ஒரு மணி நேரத்துக்குள் அது ஏறக்குறைய பழைய நிலைக்கு இறங்கிவிடும். மறுநாள் வலி, தசை இழைகளில் ஏற்படும் நுண்ணிய சேதத்தால் வருவது.

30, 60 மீட்டர் பாய்ச்சல் பயிற்சிக்கு இந்த முறை வேண்டாம். அங்கே தீர்வது கிரியேட்டின் பாஸ்பேட், அதாவது உடனடி சக்திக்காகத் தசை சேமித்து வைத்திருக்கும் பொருள். அது பெருமளவு நிரம்ப 3 முதல் 5 நிமிடம் ஆகும். இடையில் ஓடிக்கொண்டே இருந்தால் தாமதமாகும். நின்றோ மெல்ல நடந்தோ காத்திருங்கள். மூச்சு சீரானதும் கிளம்பத் தோன்றும். கடிகாரத்தைப் பார்த்துக் கிளம்புங்கள்.