பவர் கூட்டிய காருக்கு வாரண்டி: ஸ்பேனர் வைப்பதற்கு முன் முடிக்க வேண்டியவை

ரீமேப் (இன்ஜின் மென்பொருளை மாற்றி எழுதுவது), பெரிய டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுவது), டவுன்பைப் (டர்போவிலிருந்து புகை வெளியேறும் குழாய்), இன்டர்கூலர் (உள்ளே போகும் காற்றைக் குளிர்விப்பது) என்று காரின் பவரைக் கூட்ட நினைப்பவர் ஒன்றை முதலில் பிரித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். வாரண்டி என்று நாம் பொதுவாகச் சொல்வது நான்கு தனித்தனிப் பொறுப்புகள். கார் கம்பெனி தருவது ஒன்று. பணம் கட்டி நீட்டித்த எக்ஸ்டெண்டட் வாரண்டி இன்னொன்று. அதற்குத் தனி விதிகள், தனி விலக்குகள். பாகம் செய்தவர் தருவது மூன்றாவது. மாட்டிக் கொடுத்த பட்டறையின் கைவேலைக்கான பொறுப்பு நான்காவது. பவர் கூட்டிய காரில் ஏதாவது உடைந்தால் நால்வரும் அடுத்தவரைக் கைகாட்டுவார்கள். உடைந்த காரணத்தைக் காட்டும் ஆதாரம் யாரிடம் இருக்கிறதோ அவர் பக்கம்தான் முடிவு சாயும். அந்த ஆதாரத்தில் பாதிக்கு மேல் வேலை தொடங்குவதற்கு முன்பே சேர்த்து வைக்க வேண்டியது.

கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் எங்கே விசாரித்தாலும் "எதுன்னாலும் வண்டியக் கொண்டு வாங்க, பாத்துக்கலாமுங்க" என்ற பதில் கிடைக்கும். சொல்பவர் மனதாரத்தான் சொல்கிறார். ஆனால் அந்த வாக்கில் டர்போ அடங்குமா, கியர்பாக்ஸ் அடங்குமா, இறக்கி ஏற்றும் கூலி யார் தலையில் என்பதெல்லாம் இல்லை. அதைத் தாளில் கொண்டுவருவதுதான் உங்கள் வேலை.

கம்பெனி வாரண்டியில் மிஞ்சுவது

"வெளிப் பாகம் மாட்டியதற்காக மட்டும் வாரண்டியை ரத்து செய்ய முடியாது" என்று இணையத்தில் அடிக்கடி படிப்பீர்கள். அது அமெரிக்காவின் 1975ஆம் ஆண்டு மேக்னசன்–மாஸ் சட்டம், இங்கே செல்லாது. இங்கே கிட்டத்தட்ட அதே திசையில் இருப்பது, உதிரிபாக வழக்கில் 14 கார் கம்பெனிகள் மீது இந்தியப் போட்டி ஆணையம் 2014இல் பிறப்பித்த உத்தரவு. வெளிப் பட்டறையில் ரிப்பேர் செய்தார் என்பதற்காக ஒட்டுமொத்தமாக வாரண்டியை ரத்து செய்யக் கூடாது, தவறான வேலையால் வந்த சேதத்தின் அளவுக்கு மட்டும் மறுக்கலாம் என்பது அதன் சாரம். அது ரிப்பேரைப் பற்றிப் பேசுகிறது, பவர் கூட்டுவதைப் பற்றி அல்ல. இருந்தாலும் ஏசி, பவர் விண்டோ, திரை, பெயின்ட் போன்ற தொடர்பில்லாத பழுதுகளுக்கு வாரண்டி மறுக்கப்பட்டால், "இந்தப் பழுதுக்கும் ரீமேப்புக்கும் என்ன தொடர்பு என்று எழுத்தில் கொடுங்கள்" என்று கேட்பதற்கு நல்ல பிடி அது. இன்ஜின், டர்போ, கிளட்ச், கியர்பாக்ஸ், டிரைவ்ஷாஃப்ட் ஆகியவற்றில் மட்டும் கம்பெனி வாரண்டி போய்விட்டது என்று முதல் நாளே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பட்ஜெட்டும் அப்படியே போட வேண்டும்.

சர்வீசுக்கு விடும் முன் பழைய ஃபைலை, அதாவது கம்பெனி மென்பொருளை, திரும்ப ஏற்றிவிட்டால் தெரியாது என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியு, தன்னிடம் எத்தனை முறை எழுதப்பட்டது என்ற எண்ணிக்கையைப் பல கார்களில் வைத்திருக்கிறது. ஃபைலின் கைரேகை போன்ற சிவிஎன் எண்ணை ஸ்கேனர் படித்து, கம்பெனியின் பட்டியலோடு ஒப்பிட முடியும். ஃபோக்ஸ்வாகன் குழுமக் கார்களில் மாற்றம் பிடிபட்டால் டிடி1 என்ற குறி அந்தக் காரின் கணக்கில் ஏறும். பிறகு எந்த ஊர் டீலரிடம் போனாலும் அது தெரியும். சென்சாருக்கும் ஈசியுவுக்கும் நடுவில் மாட்டும் டியூனிங் பாக்ஸ் ஃபைலைத் தொடுவதில்லை. ஆனால் பூஸ்டும் (டர்போ தரும் காற்றழுத்தம்) ரெயில் பிரஷரும் (எரிபொருள் அழுத்தம்) எல்லை மீறியபோது பதிந்த பழுதுக் கோடுகளும், ஈசியு ஓட்டத்தில் பழகிக்கொண்ட அடாப்டேஷன் அளவுகளும் பெட்டியைக் கழற்றிய பின்னும் கொஞ்ச காலம் இருக்கும். மறைத்து வாங்கும் வாரண்டி பொய்த் தகவல் கொடுத்து வாங்குவது. பிடிபட்டால் மீதமிருக்கும் நியாயமான கோரிக்கையும் போய்விடும்.

மறைக்காதவருக்கும் ஒரு சிக்கல் உண்டு. வழக்கமான சர்வீசில் டீலர் சாஃப்ட்வேர் அப்டேட் போட்டால் உங்கள் ஃபைல் அழிந்து, பெரிய டர்போவும் இன்ஜெக்டரும் கம்பெனி ஃபைலோடு ஓடும். காற்று–எரிபொருள் கலவை தப்பி இன்ஜின் சேதமாகலாம். ஜாப் கார்டில் "என்னைக் கேட்காமல் ஈசியு மென்பொருளை மாற்ற வேண்டாம்" என்று எழுதி, சர்வீஸ் அட்வைசர் கையெழுத்தோடு நகல் வாங்கிக்கொள்ளுங்கள்.

எது முதலில் உடையும் என்று தெரிந்து பேசுங்கள்

ஃபோக்ஸ்வாகன் விர்ட்டஸ், ஸ்கோடா ஸ்லாவியாவின் 1.5 டிஎஸ்ஐ இன்ஜின் கம்பெனியிலிருந்தே 150 பிஎஸ், 250 நியூட்டன் மீட்டர் தருகிறது. அதோடு வரும் டிக்யூ200 என்ற 7 கியர் உலர் கிளட்ச் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் டார்க் (சுழற்று விசை) எல்லையும் 250தான். அதாவது மிச்சம் எதுவும் இல்லை. அந்தக் காரில் ஸ்டேஜ் 1 (பாகம் மாற்றாமல் ஃபைலை மட்டும் மாற்றும் ரீமேப்) போட்டு டார்க்கை 300க்கு மேல் கொண்டுபோனால் இன்ஜின் தாங்கலாம். கிளட்ச் பேக்கும் மெகட்ரானிக்கும் (கியர் மாற்றத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி) விலை கொடுக்கும். பழைய போலோ ஜிடி டிஎஸ்ஐ 175இல் தொடங்கியதால் அதே கியர்பாக்ஸுக்கு இடைவெளி இருந்தது. ஆகவே ஃபைல் எழுதும் டியூனரிடம் "எத்தனை ஹார்ஸ் வரும்" என்பதோடு, "டார்க்கை எந்த எண்ணில் நிறுத்துவீர்கள், என் கியர்பாக்ஸின் எல்லை என்ன" என்றும் கேளுங்கள். நேரான பதில் இல்லாத டியூனரின் வாரண்டியும் நேராக இருக்காது.

மேனுவல் காரில் முதல் பலி கிளட்ச். மூன்றாம், நான்காம் கியரில் 2,000 ஆர்பிஎம்மிலிருந்து முழு ஆக்சிலேட்டர் கொடுத்தால் ஆர்பிஎம் ஏறி வேகம் ஏறாமல் நிற்கும். காமன் ரெயில் டீசலில் டர்போ, இன்ஜெக்டர், டூயல் மாஸ் ஃப்ளைவீல் என்று வரிசை போகும். தேய்மானப் பொருள் என்று கிளட்சைப் பெரும்பாலான வாரண்டிகள் விலக்கிவிடும். அது தெரிந்தே கையெழுத்திடுங்கள்.

மாற்றத்துக்கு முந்தைய நிலையைப் பதிவு செய்தல்

இதைச் செய்யாமல் வேலை தொடங்கியவர்தான் பின்னால் அதிகம் அல்லாடுகிறார். "உங்க இன்ஜின் ஏற்கெனவே வீக்குங்க" என்ற ஒரு வரிக்குப் பதில் சொல்ல அவரிடம் எதுவும் இருக்காது.

இன்ஜின் சூடாக இருக்கும்போது எல்லா சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் (உள்ளே எழும் அழுத்தம்) பாருங்கள். சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் 10 சதவீதத்துக்குள் இருக்கட்டும். லீக் டவுன் சோதனையில் (சிலிண்டருக்குள் காற்றை ஏற்றிப் பார்ப்பது) கசிவு 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. 20ஐத் தாண்டினால் பவர் கூட்டும் பேச்சே வேண்டாம், முதலில் இன்ஜின் வேலை. எல்லா எலக்ட்ரானிக் மாட்யூலையும் ஸ்கேன் செய்து, பழுதுக் கோடு எதுவும் இல்லை என்ற அறிக்கையை ஓடோமீட்டர் படத்தோடு சேமியுங்கள். ஒரிஜினல் ஃபைலைப் படித்து எடுத்த நகல் ஒன்று உங்களிடமும் இருக்க வேண்டும்.

பிறகு டைனோ, அதாவது காரை உருளைகளின் மேல் ஓட்டிப் பவரை அளக்கும் கருவி. 1:1 விகிதத்துக்கு நெருங்கிய கியரில், பெரும்பாலும் நான்காவதில், மூன்று ஓட்டம். டைனோ காட்டுவது சக்கரத்தில் கிடைக்கும் பவர். 150 பிஎஸ் கார் சக்கரத்தில் 125–130 காட்டினால் குறை இல்லை. குறையும் பவர் இடையில் உராய்வில் போவது. வேலை முடிந்த பின் அதே டைனோவில், அதே கியரில், அதே பெட்ரோலில் ஓட்டினால்தான் ஒப்பீடு செல்லும். வேறு பட்டறையின் டைனோ எண்ணை வைத்துச் சண்டை போட முடியாது.

கலவையை ஏஎஃப்ஆரில் (காற்றுக்கும் எரிபொருளுக்கும் உள்ள விகிதம்) கேட்காமல் லாம்டாவில் (சரிசமக் கலவையை 1 என்று வைத்த அளவு) கேளுங்கள். சுத்தமான பெட்ரோலுக்கு 14.7 என்றிருந்த சரிசமக் கலவை, 20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோலில் சுமார் 13.5க்கு இறங்கிவிடுகிறது. பழைய அட்டவணையை வைத்துப் படித்தால் லீன் (எரிபொருள் குறைவு) எது, ரிச் (எரிபொருள் அதிகம்) எது என்று குழப்பம் வரும். டர்போ பெட்ரோலில் முழு லோடில் லாம்டா 0.80–0.85 அளவில் இருப்பது பாதுகாப்பு.

பட்டறையிடம் எழுதி வாங்க வேண்டியது

பில் இல்லாமல் விலை குறைத்துத் தருகிறேன் என்றால் ஒத்துக்கொள்ள வேண்டாம். பாகத்துக்கும் கூலிக்கும் தனித்தனி வரி, ஜிஎஸ்டி எண், காரின் பதிவெண், அன்றைய கிலோமீட்டர் எல்லாம் பில்லில் வர வேண்டும். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி பில் தர மறுப்பதே முறையற்ற வணிகம். பில்லில் காலக்கெடு எதுவும் போடாவிட்டால், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்ப வாங்க மறுப்பதும் அப்படியே. "விற்ற பொருள் வாபஸ் இல்லை" என்ற ரப்பர் ஸ்டாம்பைப் பார்த்து ஒதுங்க வேண்டாம்.

பில்லோடு ஒரு பக்கத் தாள் போதும். அதில் ஃபைலின் பெயரும் பதிப்பும், உச்ச பூஸ்ட், உச்ச டார்க், எந்த ஆக்டேனுக்கு எழுதிய ஃபைல் என்பவை வரட்டும். 100 ஆக்டேன் எக்ஸ்பி100 பெட்ரோலுக்கு எழுதிய ஃபைலோடு 95 ஆக்டேன் எக்ஸ்பி95 போட்டு மலை ஏறினால் நாக் (கலவை நேரம் தப்பி வெடிப்பது) வரும், அப்போது தவறு உங்களுடையது. ஆகவே கிடைக்கும் பெட்ரோலுக்கே ஃபைல் எழுதச் சொல்லுங்கள். ஸ்பார்க் பிளக்கின் வகை, இடைவெளி (பூஸ்ட் கூட்டிய இன்ஜினில் பொதுவாக 0.6–0.7 மி.மீ.), ஆயில் கிரேடு, 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றம் என்பவையும் சேரட்டும். கடைசியாகப் பணம் சம்பந்தப்பட்ட வரிகள்: எத்தனை மாதம், எத்தனை கிலோமீட்டர், இறக்கி ஏற்றும் கூலி யாருடையது, வழியில் நின்றால் டோயிங் யார் கட்டுவது, பழுதைச் சொன்னால் எத்தனை நாளில் பார்ப்பார்கள்.

"லைஃப்டைம் வாரண்டி" என்ற சொல்லைக் கவனமாகப் படியுங்கள். பெரும்பாலும் அது ஃபைலுக்குத்தான். ஃபைல் கெட்டால் திரும்ப ஏற்றித் தருவார்கள். பிஸ்டன் உருகினால் அந்த வாழ்நாள் உதவாது. வெளிநாட்டு டர்போ, கிளட்ச் கிட்டுகளில் "போட்டிப் பயன்பாட்டுக்கு மட்டும்" என்று அச்சிட்டிருந்தால் வாரண்டியே இல்லை என்று பொருள். அங்கீகரிக்கப்பட்ட இந்திய விற்பனையாளரிடம் வாங்காத பாகத்தைத் திருப்பி அனுப்பும் செலவு உங்களுடையது. இலவசமாக வரும் மாற்றுக்கும் சுங்கவரி கேட்கலாம். செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் டிராக் நாளுக்குக் காரைக் கொண்டுபோவதாக இருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்லி எழுதி வாங்குங்கள். சொல்லாமல் போனால் அந்த ஒரு காரணமே மறுக்கப் போதும்.

இறுதித் தொகையில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்து, ஒரு மலைச் சோதனைக்குப் பின் கொடுப்பதாகப் பேசிக்கொள்வது நல்ல வழக்கம். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலைக்கு 70. வேகம் குறைவு, லோடு அதிகம், இன்டர்கூலருக்குக் காற்று இல்லை. டைனோ அறையில் விசிறி முன் சரியாக இருந்த ஃபைல் இங்கேதான் தன் குறையைக் காட்டும். உள்ளிழுக்கும் காற்றின் வெப்பம், நாக் திருத்தம், பூஸ்ட் மூன்றையும் ஓட்டத்திலேயே பதிவு (லாக்) எடுத்து டியூனருக்கு அனுப்புங்கள். டீசலில் டர்போவுக்கு முன் புகை வெப்பம் தொடர்ந்து 700–750 டிகிரி செல்சியசைத் தாண்டினால் டீசல் அளவைக் குறைக்கச் சொல்லுங்கள்.

ஆர்டிஓவும் இன்சூரன்சும்

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, கம்பெனி குறிப்பிட்டதிலிருந்து ஆர்சி விவரம் வேறுபடும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதி செய்தது. பிரிவு 182ஏ(4)இன்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இன்ஜினையே மாற்றுவதானால் ஆர்டிஓ அனுமதி முதலில். இன்சூரன்சுக்கு மாற்றங்களை எழுத்தில் தெரிவித்து எண்டார்ஸ்மென்ட் (பாலிசியில் சேர்க்கும் குறிப்பு) கேளுங்கள். அவர்கள் மறுத்தால் அந்த மாற்றத்தோடு சாலையில் ஓட்டக் கூடாது.

உடைந்த பின்

ஓட்டுவதை நிறுத்துங்கள். டோ செய்யுங்கள். அன்றே பட்டறைக்கு வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் கிலோமீட்டர், அறிகுறி, கோடு ஆகியவற்றை எழுதுங்கள். இரு தரப்பும் இல்லாமல் யாரும் பிரிக்கக் கூடாது. பிரிப்பதை வீடியோ எடுங்கள். ஆயிலை வடிக்கும்போது நடு ஓட்டத்தில் 200 மி.லி. சுத்தமான பாட்டிலில் பிடித்துத் தேதி எழுதி மூடுங்கள்.

பாகமே பேசும். டர்போ ஷாஃப்டின் பேரிங் இடம் நீலமாகக் கருகியிருந்தால் ஆயில் போகவில்லை: ஆயில் குழாய் மாட்டிய கையைப் பார்க்க வேண்டும். கம்ப்ரஸர் சக்கரத்தின் பின்பக்கம் ஆரஞ்சுத் தோல் போல் சொரசொரத்தால் அளவு மீறிய வேகம்: ஃபைல் எழுதியவர் பொறுப்பு. இறக்கைகளின் முன் விளிம்பு சில்லு சில்லாக இருந்தால் வெளிப் பொருள் உள்ளே போயிருக்கிறது. பிஸ்டனின் ரிங் லேண்ட் (வளையங்களுக்கு இடைப்பட்ட பகுதி) உடைந்திருந்தால் நாக். பட்டறையின் விளக்கம் இதற்கு ஒத்துவராவிட்டால், உடைந்த துண்டைப் பையிலிட்டு முத்திரை வைத்து ஓர் உலோகப் பரிசோதனைக் கூடத்தில் காரண அறிக்கை வாங்குங்கள். அந்தத் துண்டைத் "பழசு வேண்டாம்" என்று பட்டறையிலேயே விட்டுவிட்டு வருவதுதான் வழக்குகளைக் கெடுக்கிறது.

பேச்சில் முடியவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் அசையாவிட்டால் வழக்கறிஞர் நோட்டீஸ், பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம் ஏற்கும்; 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம்: பட்டறை கோவையில் இருந்தாலும் கரூர்க்காரர் கரூரில் தாக்கல் செய்ய முடியும். காலக்கெடு 2 ஆண்டு. கார் பனியன் கம்பெனி, மில் பெயரில் இருந்தால் "வணிக நோக்கம்" என்று எதிர்த்தரப்பு முதலில் தடை போடும். இயக்குநரின் சொந்தப் பயன்பாட்டுக்குக் கம்பெனி வாங்கிய கார் வணிக நோக்கம் ஆகாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. ஆகவே காரை யார், எதற்கு ஓட்டுகிறார் என்பதைப் புகாரின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள். தீர்ப்பு எதிராக வந்தால் மாநில ஆணையத்தில் மேல்முறையீட்டுக்கு 45 நாள் உண்டு.