அட்டையை பாத்து ரொமான்ஸ் நாவல் வாங்காதீங்க (இன்னும் சில தப்புகளும் இருக்கு)

லெண்டிங் லைப்ரரி நடத்துறவங்களுக்குன்னே ஒரு சாபம் உண்டு. புதுசா படிக்க வர்ற ஒவ்வொருத்தரும் நாம விழுந்து எந்திரிச்ச அதே குழியில கரெக்டா வந்து விழுறத சும்மா உக்காந்து பாக்கணும். போன மாசம் ஒரு பொண்ணு, இப்பதான் வேலைக்கு சேர்ந்திருக்கா, "அக்கா, இங்கிலீஷ் ரொமான்ஸ்னு நாலு புக் வாங்கினேன், நாலும் செட் ஆகல, இந்த ஜானரே எனக்கு ஒத்துவராது போல"ன்னா. லிஸ்ட்டை வாங்கி பாத்தா அதுல ரெண்டு ரொமான்ஸே கிடையாது, மிச்சம் ரெண்டும் அவளுக்கு சம்பந்தமே இல்லாத டேஸ்ட்.

பைரேட்டட் காப்பி வாங்காதீங்க, கடைசி பக்கத்தை முதல்ல படிக்காதீங்க, சீரிஸ்ல மூணாவது புக்ல ஆரம்பிக்காதீங்க, இதெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுடறேன்.

காதல் இருந்தாலே ரொமான்ஸ்னு நினைக்கிறது

ஜானர் ரொமான்ஸுக்கு, அதாவது ரொமான்ஸ்னு தனி வகையா எழுதி விக்கிற நாவலுக்கு, ரெண்டே ரெண்டு கண்டிஷன். காதல் கதைதான் நடு ஸ்டோரியா இருக்கணும், முடிவு மனசுக்கு நிறைவா நம்பிக்கையா இருக்கணும். அமெரிக்காவுல ரொமான்ஸ் எழுதுறவங்க சங்கமே வச்சிருக்கிற வரையறை இது. நம்ம அம்மா சித்தியெல்லாம் ரமணிசந்திரன் நாவலை எந்த தைரியத்துல கையில எடுத்தாங்களோ, அதே தைரியம்தான் இங்கயும், நடுவுல எவ்வளவு அழுதாலும் கடைசியில சேர்ந்துடுவாங்க.

இது தெரியாம காலீன் ஹூவரோட 'இட் எண்ட்ஸ் வித் அஸ்' (2016) எடுத்து ஆரம்பிக்கிறாங்க, 2024ல படம் வேற வந்துச்சா, கேக்கவே வேணாம். அது கட்டின புருஷன் கையால அடி வாங்குற ஒருத்தி அதுலேர்ந்து வெளிய வர்ற கதை. ஜோஜோ மோயஸோட 'மீ பிஃபோர் யூ' (2012), டேவிட் நிக்கோல்ஸோட 'ஒன் டே' (2009) ரெண்டும் வேற கதைதான், ஆனா அதுலயும் காதல் இருக்கும், அந்த ரெண்டு கண்டிஷன் நிறைவேறாது. நல்ல நாவல்கள்தான், வேணாம்னு சொல்லல, ஆனா ஆபீஸ்ல நாள் முழுக்க திட்டு வாங்கிட்டு வந்து ஜாலியா ஏதாவது படிக்கலாம்னு உக்காந்தா இது கையில இருக்கக்கூடாது.

அட்டை

இதுதான் எனக்கு இன்னைக்கு வரைக்கும் கடுப்பு ஏத்துற விஷயம், அதனால கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துல புத்தகக் காட்சி நடந்தப்போ ஒரு ஸ்டால்ல நின்னுட்டிருந்தேன். பக்கத்துல ஒரு அப்பா, கூட ஒன்பதாவது படிக்கிற பொண்ணு. அவர் கையில ஹானா கிரேஸோட 'ஐஸ்பிரேக்கர்'. ஸ்கேட்டிங் ஷூ போட்ட ஒரு பொண்ணும் ஹாக்கி டிரெஸ்ல ஒரு பையனும், அழகா கார்ட்டூன் மாதிரி வரைஞ்ச அட்டை. "பாப்பாவுக்கு ஸ்கேட்டிங்னா உயிருங்க"ன்னாரு என்கிட்ட, நான் கேக்காமலே. நான், "சார், நடுவுல எங்கயாவது பிரிச்சு ஒரு ரெண்டு பக்கம் படிச்சுட்டு பில் போடுங்க"ன்னேன். பிரிச்சாரு. காது ரெண்டும் சிவந்துபோச்சு. புக்கை தலைகீழா வச்சுட்டு பொண்ணு கையை புடிச்சு நேரா கையேடு விக்கிற கடைக்கு இழுத்துட்டு போயிட்டாரு, பாவம் அந்த குழந்தை மூஞ்சி தொங்கிப்போச்சு. அது பெரியவங்களுக்கான புக், படுக்கையறைக் கதவு அகலமா திறந்தே இருக்கும், அதுல தப்பும் இல்ல. ஆனா கடையில அதை ஜென்னி ஹானோட ஸ்கூல் பசங்க கதைகளுக்கு பக்கத்துல அடுக்கி வச்சிருந்தாங்க, கலரும் ஒரே மாதிரி பிங்க்கும் ஊதாவுமா இருந்தா அந்த மனுஷன் என்னதான் பண்ணுவாரு.

இது எப்படி ஆச்சுன்னா, முன்னாடியெல்லாம் ரொமான்ஸ் அட்டைன்னா சட்டை பட்டனை கழட்டிவிட்ட ஒரு ஆணழகன் போட்டோ, அதை பஸ்ல வெளிய எடுக்க கூச்சப்பட்டு நியூஸ்பேப்பர் போட்டு சுத்தி படிப்போம். 2016ல சாலி தார்னோட 'தி ஹேட்டிங் கேம்', 2018ல ஹெலன் ஹோவாங்கோட 'தி கிஸ் கோஷண்ட்' இதெல்லாம் வந்த சமயத்துலேர்ந்து பளிச்னு ஒரு கலரும் மேல ரெண்டு பொம்மையுமா வரைஞ்ச அட்டைகள் ஓட ஆரம்பிச்சுது. எங்க வேணா வச்சு படிக்கலாம், கடைக்காரரும் முன்னாடி வரிசையில வைக்கலாம், விற்பனைக்கு வசதி. ஆனா உள்ள என்ன இருக்குன்னு அந்த அட்டை சொல்லாது. கல்யாணப் பத்திரிகை டிசைனை பாத்து மாப்பிள்ளை குணத்தை கணிக்கிற மாதிரிதான் அது. 'கிஸ் கோஷண்ட்'ல ஆட்டிஸம் உள்ள ஸ்டெல்லா, கணக்கு மூளைக்காரி, உறவு வச்சுக்க கத்துக்கணும்னு காசு கொடுத்து ஒரு ஆள் பிடிக்கிறா. நல்ல சூடான புக், அதே அளவுக்கு கனிவானதும். எழுதினவங்களுக்கே பெரியவங்களான அப்புறம்தான் ஆட்டிஸம்னு தெரிஞ்சுது, அந்த உண்மை பக்கத்துக்கு பக்கம் தெரியும். அதே வரிசையில 2021ல வந்த 'தி ஹார்ட் பிரின்சிபிள்' அட்டையும் கிட்டத்தட்ட அதே ஸ்டைல்தான், ஆனா உள்ள ஸ்ட்ரோக் வந்து படுத்த அப்பாவை ராத்திரி பகலா பாத்துக்கிட்டு கொஞ்சம் கொஞ்சமா உடைஞ்சு போற ஒரு வயலின் கலைஞி. வீட்டுல நோயாளியை வச்சு பாத்தவங்களுக்கு அதுல சில பக்கங்களை தாண்டவே முடியாது.

சூடு அதிகமா போச்சுன்னா கூச்சத்தோட முடிஞ்சிரும், சோகம் தப்பான ஆள்கிட்ட போனாதான் விஷயம். எனக்கு தெரிஞ்ச ஒருத்தி, அண்ணனை பைக் ஆக்சிடெண்ட்ல பறிகொடுத்து ஆறு மாசம்கூட ஆகல. அவளை சிரிக்க வைக்கணும்னு ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் சேர்ந்து காசு போட்டு பர்த்டேக்கு ஆபி ஹிமனெஸோட 'தி ஃப்ரெண்ட் ஸோன்' (2019) வாங்கி கொடுத்தாங்க. ஜாலியான அட்டை, முதல் நூறு பக்கம் உண்மையிலயே வயிறு வலிக்க சிரிப்பு. அப்புறம் அந்தக் கதையிலயும் ஒரு பைக் ஆக்சிடெண்ட் வருது, ஹாஸ்பிடல் வருது, இதுக்கு மேல சொல்ல மாட்டேன். அவ அந்த புக்கை மூடினதோட அப்புறம் ரொம்ப நாளைக்கு எந்த புக்கையும் தொடல. வாங்கி கொடுத்தவங்க நல்ல மனசோடதான் கொடுத்தாங்க, யாரை திட்டுறது. நெட்ல ரெண்டு நிமிஷம் தேடியிருந்தா தெரிஞ்சிருக்கும்.

இதுல வேடிக்கை என்னன்னா எழுத்தாளர்களே சில சமயம் முன்னாடியே சொல்லிடறாங்க, நாமதான் அந்தப் பக்கத்தை தள்ளிட்டு போறோம். ஆலி ஹேஸல்வுட் 'நாட் இன் லவ்' (2024) ஆரம்பத்துலயே ஒரு குறிப்பு எழுதியிருக்காங்க, இது என்னோட பழைய காமெடி கதைகள் மாதிரி இருக்காது, இதுல படுக்கையறைதான் அதிகம், கூடவே குழந்தையா இருந்தப்போ சாப்பாட்டுக்கே கஷ்டப்பட்ட விஷயமெல்லாம் வரும்ங்கிற அர்த்தத்துல. அவ்வளவு தெளிவா சொல்லியும் "'லவ் ஹைப்போதிஸிஸ்' மாதிரி இல்லையே"ன்னு திருப்பிக் கொண்டுவந்து குடுத்தவங்க எத்தனை பேர்!

அதனால காசு குடுக்குறதுக்கு முன்னாடி கிண்டில்ல ஃப்ரீ சாம்பிள் இறக்குங்க, முன்னாடி குறிப்பு இருந்தா பெரும்பாலும் அதுலயே வந்துடும். சோகம், வன்முறை, சாவு இதெல்லாம் இருக்கான்னு பாக்க ஸ்டோரிகிராஃப்ங்கிற புக் சைட்டுல வாசகர்களே வார்னிங் போட்டு வைக்கிறாங்க. ஸ்பைஸ், அதாவது படுக்கையறை சூடு, எவ்வளவுன்னு பாக்க ரொமான்ஸ் டாட் ஐஓ சைட் இருக்கு, அஞ்சுக்கு எத்தனைன்னு ரேட்டிங்கோட. கதவை சாத்திட்டு போற கதைதான் வேணும்னா கேத்தரின் சென்டரோட 'தி பாடிகார்ட்' (2022), 'தி ராம்-காமர்ஸ்' (2024) தைரியமா எடுங்க, வீட்டுல யார் வேணா பிரிக்கலாம்.

ஒரே புக்கை ரெண்டு தடவை வாங்குறது

எமிலி ஹென்றியோட 'பீப்பிள் வி மீட் ஆன் வெகேஷன்'தான் பிரிட்டிஷ் பதிப்புல 'யூ அண்ட் மீ ஆன் வெகேஷன்'. ஒரே புக். ஒன்னு இருந்தா இன்னொன்னு வாங்காதீங்க.

ட்ரோப் (கதைகள்ல திரும்பத் திரும்ப வர்ற சூழ்நிலை) பேரை மட்டும் பிடிச்சுக்கிட்டு தேடுறது

"அக்கா, ஃபேக் டேட்டிங் இருந்தா குடுங்க." காதலர்கள் மாதிரி நடிக்கிற கதைதானே, சரி, குடுக்கிறேன், எந்த மாதிரி? ஆலி ஹேஸல்வுட்டோட 'தி லவ் ஹைப்போதிஸிஸ்' (2021), தோழியை நம்ப வைக்கணும்னு எதிர்ல வந்த ஆளை முத்தம் குடுத்துடுறா ஆலிவ், பாத்தா அவன் டிபார்ட்மெண்டே நடுங்குற புரொஃபசர். முதல்ல ஸ்டார் வார்ஸ் ஃபேன் ஃபிக்‌ஷனா, அதாவது ரசிகர்கள் எழுதுற கதையா, இருந்தது இது, அந்த சினிமாத்தனம் இன்னும் ஒட்டிட்டிருக்கும். டாலியா ஹிபர்ட்டோட 'டேக் எ ஹிண்ட், டேனி பிரவுன்' (2020), அதுவும் ஃபேக் டேட்டிங்தான். யுனிவர்சிட்டி செக்யூரிட்டி ஸாஃபிர், பழைய ரக்பி பிளேயர், டேனியை தூக்கிட்டு வெளிய வர்ற வீடியோ வைரல் ஆகுது, அவன் நடத்துற சேரிட்டிக்கு அதனால பேர் கிடைக்குதுன்னு ரெண்டு பேரும் நடிக்க ஆரம்பிக்கிறாங்க. ஆங்ஸைட்டி உள்ள ஒரு பெரிய உடம்புக்காரன், ரொமான்ஸ் நாவல் விரும்பி படிக்கிறவன், இப்படி ஒரு ஹீரோவை எங்க பாத்திருக்கீங்க? ரெண்டுக்கும் ட்ரோப் ஒன்னு, மத்தபடி ஒட்டும் இல்ல உறவும் இல்ல. ட்ரோப்பை விட்டுட்டு ஹீரோயின் என்ன வேலை பாக்குறா, கதை எந்த ஊர்ல நடக்குது, எழுத்து சிரிக்க வைக்குமா, இதை கேளுங்க, நான் இன்னும் நல்ல புக்கா எடுத்து குடுப்பேன்.

ஒருத்தர் பிடிச்சா அவங்களோட எல்லாத்தையும் வரிசையா படிக்கிறது

ஆலி ஹேஸல்வுட்டோட முதல் மூணு நாவலை தொடர்ந்து படிச்சா ஆறடிக்கு மேல வளந்த உம்மணாமூஞ்சியும் ஆராய்ச்சி பண்ற சின்னப் பொண்ணும் கனவுல வருவாங்க. நடுவுல வேற ஆளை படிங்க.

புதுசா வந்ததுல ஆரம்பிக்கிறது

எமிலி ஹென்றி பேரை கேட்டதும் 2025ல வந்த 'கிரேட் பிக் பியூட்டிஃபுல் லைஃப்' எடுத்துடறாங்க. அதுல ஒரு வயசான பிரபலத்தோட குடும்பக் கதை பாதி புக்குக்கு ஓடும், அவங்க வாழ்க்கை வரலாறை எழுத போட்டி போடுற ரெண்டு பேரோட காதல் மிச்ச இடத்துலதான். எனக்கு பிடிச்சுது, ஆனா முதல் புக்கா அதை எடுத்தா இவங்களை எதுக்கு இப்படி கொண்டாடுறாங்கன்னே புரியாது. 'புக் லவர்ஸ்' (2022) எடுங்க. சினிமாவுல ஹீரோ கிராமத்துப் பொண்ணை பாத்ததும் கழட்டி விடுவானே ஒரு கறார் சிட்டிக்காரி, அவளையே ஹீரோயின் ஆக்கி எழுதின கதை, நோராவும் சார்லியும் வாயை திறந்தா போதும்.

"இவங்க ஏன் உக்காந்து பேசிக்கல?"ன்னு தூக்கிப் போடுறது

பேசிட்டா நூறாவது பக்கத்துல கதை முடிஞ்சிரும். விடுங்க.

தேசி (தெற்காசிய வம்சாவளி) ரைட்டர்னா நம்ம வீட்டுக் கதைன்னு எதிர்பாக்குறது

உஸ்மா ஜலாலுத்தீனோட 'ஆயிஷா அட் லாஸ்ட்' (2018) டொரொண்டோ முஸ்லிம் குடும்பங்களோட கதை, 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' சாயல், உடல் நெருக்கம் ஏறக்குறைய கிடையாது. நிஷா ஷர்மாவோட 'டேட்டிங் டாக்டர் டில்' (2022) அமெரிக்க பஞ்சாபி வீடுகள், நல்ல காரம். தேசி ரைட்டர்தானேன்னு ரெண்டையும் ஒரே மாதிரி நினைச்சு மாமியாருக்கு குடுத்துடாதீங்க, எதை யாருக்குன்னு யோசிங்க.

டைவர்ஸ் ஆனவங்க கதையான்னு ஒதுக்குறது

இருபது வயசு வாசகர்கள் கென்னடி ரையனோட 'பிஃபோர் ஐ லெட் கோ' (2022) பின்னட்டையை படிச்சுட்டு வச்சுடறாங்க. அட்லாண்டாவுல ஒரு ரெஸ்டாரன்ட், அதை நடத்துற யாஸ்மெனும் ஜோசயாவும் பிரிஞ்சாச்சு, ரெண்டு பசங்க, தொழில் மட்டும் இன்னும் ஒன்னாத்தான் ஓடுது. குழந்தையை இழந்ததும் அதுக்கப்புறம் வந்த டிப்ரஷனும் கதையில உண்டு, அதை தெரிஞ்சுக்கிட்டே எடுங்க. தெரபிக்கெல்லாம் போகவே மாட்டேன்னு முறுக்கிட்டு திரியிற ஜோசயா ஒருவழியா போய் உக்காந்து பேச ஆரம்பிக்கிற இடம் வருது பாருங்க, சமீபத்துல வந்த எந்த முத்தக் காட்சியும் எனக்கு அதுக்கு ஈடா தோணல. ஞாயித்துக்கிழமை ராத்திரி மட்டும் ஆரம்பிக்காதீங்க, திங்கக்கிழமை லீவ் போட வேண்டி வரும்.