ஜிம்முக்குப் புதுசா? மெஷினைப் போட்டோ எடுத்து வையுங்கள்

ஜிம்மில் சேர்ந்த முதல் வாரமே, ஒவ்வொரு மெஷினிலும் பயிற்சியாளர் உங்களுக்காக சீட்டைச் சரிசெய்து எடையையும் வைத்துக் கொடுத்ததும், சீட் எத்தனையாவது துளையில் இருக்கிறது, எடையைத் தேர்ந்தெடுக்கச் செருகும் கம்பி (pin) எந்த எடையில் இருக்கிறது என்று தெரிகிற மாதிரி போனில் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். பக்கவாட்டில் நின்று எடுத்தால் பெரும்பாலும் இரண்டும் ஒரே படத்தில் வந்துவிடும்.

சீட் உயரம் சின்ன விஷயம் இல்லை. உட்கார்ந்தபடி காலை நீட்டி எடையைத் தூக்கும் லெக் எக்ஸ்டென்ஷனில் முழங்கால் மூட்டு, மெஷின் மடங்கித் திரும்புகிற அச்சுக்கு நேராக இருக்க வேண்டும், கைகளால் முன்னால் தள்ளும் செஸ்ட் பிரஸ்ஸில் கைப்பிடி நடு நெஞ்சுக்கு நேராக வர வேண்டும்; இரண்டு துளை மாறினாலே மூட்டில் தேவையில்லாத அழுத்தம் விழும். அப்புறம், ஆரம்பத்தில் பலம் வேகமாகக் கூடும் என்பதால், போன தடவை 15 கிலோவில் 12 முறை சுலபமாகச் செய்தோம் என்று தெரிந்தால்தான் இன்று ஒரு படி ஏற்றலாமா என்று முடிவெடுக்க முடியும். பயிற்சியாளருக்காகக் காத்து நிற்கும் நேரமும் மிச்சம்.

வேறு ஜிம்முக்குப் போனால் இந்தக் கணக்கு உதவாது, ஏனென்றால் கப்பி அமைப்பு மாறினால் அதே 20 கிலோவே கனமாகவோ லேசாகவோ தெரியும். சில வாரம் இடைவெளி விட்டு வந்தாலும் பழைய எடையில் ஆரம்பிக்காதீர்கள், குறைத்தே தொடங்குங்கள். போனுக்கு அனுமதி இல்லாத இடமென்றால் ஒரு சின்ன நோட்டு போதும்.