ஸ்லட்ஜ் ஏன் படியவில்லை? ஒரு லிட்டர் ஜாடியை வைத்துக் கண்டுபிடிப்பது எப்படி

பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் எஸ்டிபியை (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தை) ஓட்டுபவன் நான். கழிவைத் தின்னும் பாக்டீரியாக்கள் திரண்ட சேறுதான் ஸ்லட்ஜ், அது அடியில் படிந்தால்தான் தெளிந்த நீர் கிடைக்கும். லேப் ரிப்போர்ட் கைக்கு வர நாலு நாள் ஆகும். அதுவரை எனக்கு அளவுகோடு போட்ட ஒரு லிட்டர் ஜாடிதான் துணை.

காற்றூதும் ப்ளோயர் ஓடும்போதே, கழிவுநீருக்குக் காற்று கொடுக்கும் ஏரேஷன் டேங்கிலிருந்து நீர் வெளியேறும் பக்கத்தில் முகந்துகொள்ளுங்கள். அங்கேயே சோதியுங்கள். பாட்டிலில் குலுக்கிக்கொண்டு போனால் பஞ்சு பஞ்சான திரள்கள் உடைந்துவிடும். ஜாடியை நிழலில் வையுங்கள். வெயில் பட்டால் ஒரு பக்கம் சூடேறி உள்ளே தண்ணீர் சுழலும், அளவு பொய் சொல்லும்.

முதல் ஐந்து நிமிடம் போனைப் பார்க்காதீர்கள். நல்ல ஸ்லட்ஜ் ஒன்றோடொன்று சேர்ந்து, மேலே தெளிந்த நீரை விட்டுவிட்டு மொத்தமாக இறங்கும். 30 நிமிடம் கழித்து 300 மில்லியில் நிற்கிறது, எம்எல்எஸ்எஸ் (ஏரேஷன் டேங்கில் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் திடப்பொருள் கலந்து மிதக்கிறது என்ற அளவு) 3000 என்றால், 300-ஐ 1000-ஆல் பெருக்கி 3000-ஆல் வகுத்தால் 100. இதுதான் எஸ்விஐ, அதாவது ஒரு கிராம் ஸ்லட்ஜ் படிந்தபின் எத்தனை மில்லி இடம் பிடிக்கிறது என்ற கணக்கு. 80 முதல் 120 வரை கவலையில்லை, 150 தாண்டினால் உஷார்.

850-இலேயே நிற்கிறதா? பாதி ஸ்லட்ஜ், பாதி செட்லிங் டேங்கின் (ஸ்லட்ஜ் படியும் அடுத்த தொட்டியின்) தெளிந்த நீர் கலந்து மறுபடி வையுங்கள். சட்டென்று இறங்கினால் டேங்கில் சரக்கு அதிகம், கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுங்கள். அப்போதும் பிடிவாதமாக மேலேயே நின்றால் நூல் மாதிரி வளரும் பாக்டீரியாவைச் சந்தேகிக்கலாம். பெரும்பாலும் காற்றுப் பற்றாக்குறைதான். கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில் இருக்கட்டும்.

அதற்காக ப்ளோயரை வெறித்தனமாக ஓட்டக்கூடாது. ஒரு மே மாதம் செட்லிங் டேங்கில் ஸ்லட்ஜ் அடை அடையாக மிதந்தது. காற்றுதான் போதவில்லை என்று நானாக முடிவுகட்டி இரண்டு நாள் கூட்டினேன், இன்னும் மோசமானது. அப்புறம்தான் ஜாடியை 30 நிமிடத்தில் கொட்டிவிடாமல் இரண்டு மணி நேரம் விட்டுப் பார்த்தேன். அழகாகப் படிந்த ஸ்லட்ஜ், குமிழிகளோடு கட்டியாக மேலே ஏறியது! அடியில் ஆக்சிஜன் தீர்ந்ததும் பாக்டீரியா நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கிவிடுகிறது, வெயில் காலத்தில் இன்னும் சீக்கிரம். காற்று கூடினால் கழிவிலுள்ள அம்மோனியா நைட்ரேட்டாக மாறும், அதனால் நான் கூட்டிய காற்று நைட்ரேட்டைத்தான் கூட்டியிருக்கிறது. படிந்த ஸ்லட்ஜை ஏரேஷன் டேங்குக்குத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் பம்பைக் கூடுதல் நேரம் ஓட்டி, ஸ்லட்ஜ் அடியில் தங்காமல் பார்த்துக்கொண்டேன், சரியானது.

வெயில் கெடுதல் மட்டும் செய்வதில்லை. 20 டிகிரியிலிருந்து 30-க்கு வந்தால் தண்ணீரின் பாகுத்தன்மை ஐந்தில் ஒரு பங்கு குறையும், துகள் வேகமாக இறங்கும். ஆனால் நீர் பிடித்துவைக்கக்கூடிய ஆக்சிஜனும் லிட்டருக்குச் சுமார் 9.1-இலிருந்து 7.5 மில்லிகிராமுக்கு இறங்கிவிடும்.

ஜாடியில் நன்றாகப் படிகிறது, டேங்கில் மட்டும் காலை எட்டு மணிக்கு ஸ்லட்ஜ் வழிகிறது என்றால் ஸ்லட்ஜைக் குறை சொல்லாதீர்கள். எல்லாரும் குளித்த தண்ணீரை ஒரே மூச்சில் தள்ளுகிறீர்கள். சேகரிப்புத் தொட்டியின் பம்ப் வால்வைக் குறைத்து, நாள் முழுக்கச் சீராக விடுங்கள்.