இன்டிபென்டன்ட் பாட்லரின் பழைய சிங்கிள் மால்ட்: லேபிளில் தொடங்கி முதல் மிடறு வரை

ஸ்காட்லாந்தில் விஸ்கி வடிப்பவர் ஒருவர், பாட்டிலில் அடைப்பவர் இன்னொருவர் என்பது பழைய வழக்கம். 1842-இல் அபர்டீனில் தொடங்கி இன்று கேம்பல்டவுனில் இருக்கும் கேடன்ஹெட்ஸ், 1895-இல் எல்ஜின் ஊரில் மளிகைக்கடையாகத் தொடங்கிய கார்டன் அண்ட் மெக்ஃபைல், 1988-இல் வந்த சிக்னேட்டரி போன்றவர்கள் டிஸ்டிலரிகளின் (வடிசாலைகளின்) சரக்கைப் பீப்பாயாக வாங்கி, தங்கள் பெயரில் அடைத்து விற்பவர்கள். இவர்களைத்தான் இன்டிபென்டன்ட் பாட்லர் என்கிறோம்.

சிங்கிள் மால்ட் என்பது ஒரே டிஸ்டிலரியில், முளைகட்டிய பார்லியிலிருந்து மட்டும் வடித்த விஸ்கி; சுருக்கமாக மால்ட். டிஸ்டிலரி தானே வெளியிடும் 12 வருட மால்ட், பல பீப்பாய்களைச் சேர்த்து ஒரே சுவைக்குக் கொண்டுவரப்பட்டது. பாட்லர் தருவதோ பெரும்பாலும் ஒற்றைப் பீப்பாய். தெரிந்த டிஸ்டிலரிதானே என்று நம்பி வாங்கினால், உள்ளே எதிர்பாராத சுவை இருக்கலாம். லேபிளில் உள்ள எண்களைத்தான் நம்ப வேண்டும்.

படி 1: லேபிளைப் படியுங்கள்

முதலில் இரண்டு தேதிகள்: வடித்தது, அடைத்தது. 1995 நவம்பரில் வடித்து 2020 ஜூனில் அடைத்திருந்தால் வயது 24 தான். நிறைவடைந்த வருடங்களே கணக்கு. பாட்டிலுக்குள் போன பிறகு விஸ்கிக்கு வயது ஏறாது. 2012 நவம்பர் 23-க்குப் பிறகு சிங்கிள் மால்ட்டை ஸ்காட்லாந்திலேயே அடைக்க வேண்டும் என்பது சட்டம். அதற்குப் பிந்தைய பாட்டிலில் வேறு நாட்டில் அடைத்ததாக இருந்தால் வாங்காதீர்கள்.

அடுத்து பீப்பாய். பர்பன் (அமெரிக்க விஸ்கி) பேரல் சுமார் 200 லிட்டர், ஹாக்ஸ்ஹெட் என்னும் நடுத்தரப் பீப்பாய் 250, ஷெர்ரி (ஸ்பெயின் நாட்டு ஒயின்) பட் என்னும் பெரிய பீப்பாய் 500. 'ஃபர்ஸ்ட் ஃபில்' என்றால் பர்பனோ ஷெர்ரியோ இருந்த பீப்பாயில் முதல் முறையாக ஸ்காட்ச் நிரப்பியது; 'ரீஃபில்' என்றால் ஏற்கெனவே ஸ்காட்ச் இருந்து, மரத்தின் வேகம் தணிந்தது. 20 வருடத்துக்கு மேற்பட்ட மால்ட்டை முதல் முறை வாங்குபவருக்கு ரீஃபில் ஹாக்ஸ்ஹெட்டே நல்லது. 25 வருடம் ஃபர்ஸ்ட் ஃபில் ஷெர்ரியில் கிடந்தால் மரமும் உலர்திராட்சையும் மட்டுமே தெரியும், மால்ட் அடங்கிப்போகும். அடர் நிறத்தைப் பார்த்து வயது என்று மயங்க வேண்டாம். ரீஃபிலில் இருந்த 30 வருடச் சரக்கு வைக்கோல் நிறத்திலும் வரும்.

பாட்டில் எண்ணிக்கையையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகும். 250 லிட்டர் ஹாக்ஸ்ஹெட்டில் 25 வருடத்துக்குப் பின் ஏறத்தாழ 150 லிட்டர் மிஞ்சும், 700 மி.லி. பாட்டிலில் 215 வரும். ஒற்றை ஹாக்ஸ்ஹெட், 25 வருடம், 600 பாட்டில் என்று போட்டிருந்தால் கணக்கு எங்கோ இடிக்கிறது.

வலிமை, அதாவது ஆல்கஹால் அளவு: பீப்பாயில் நிரப்பும்போது பொதுவாக 63.5%. ஸ்காட்லாந்தின் குளிர்ந்த ஈரக் காற்றில் அது வருடத்துக்கு வருடம் இறங்கும். 40%-க்குக் கீழே போனால் ஸ்காட்ச் என்றே விற்க முடியாது. 51.3, 48.7 போன்ற எண் பீப்பாயில் இருந்தபடியே அடைத்ததற்கு அடையாளம். 43, 46 என்று முழு எண்ணாக இருந்தால் தண்ணீர் சேர்த்திருக்க வாய்ப்பு அதிகம், அது குறையல்ல.

டிஸ்டிலரி பெயரே இல்லாமலும் சில பாட்டில்கள் வரும். பெயரைப் போட அனுமதி இல்லாததே பெரும்பாலும் காரணம். சில டிஸ்டிலரிகள் தங்கள் பெயரில் பிறர் விற்கக் கூடாது என்பதற்காகவே, பீப்பாயில் இன்னொரு மால்ட்டைத் துளி கலந்துதான் விற்கின்றன. அப்போது அது சட்டப்படி சிங்கிள் மால்ட் அல்ல, ஒன்றுக்கு மேற்பட்ட டிஸ்டிலரிகளின் மால்ட் கலந்த பிளெண்டட் மால்ட். சுவையில் வித்தியாசம் தெரியாது. விலை குறைவாக இருந்தால் தயங்காமல் வாங்கலாம்.

படி 2: திறப்பது

வலிமையான சாராயம் தக்கையை அரித்துவிடும் என்பதால் பாட்டிலை எப்போதும் நிற்க வைத்தே வையுங்கள். திறக்கும் முன் இரண்டு நொடி சாய்த்துத் தக்கையின் அடியை நனையுங்கள். பிறகு தக்கையைப் பிடித்துக்கொண்டு பாட்டிலைத் திருகுங்கள். தக்கை முறிந்தால் பதறாதீர்கள்: ஒயின் திருகியால் மிச்சத்தை எடுத்து, வாசனை ஏதும் இல்லாத கம்பி வடிகட்டியில் வடித்து, பழைய பாட்டிலின் தக்கையைக் கழுவி உலர்த்தி மூடுங்கள். காலி பாட்டிலின் தக்கையைத் தூக்கி எறியாமல் வைத்திருப்பது இதற்குத்தான்.

படி 3: ஊற்றி, முகர்ந்து, பருகுவது

வாய் குறுகிய டூலிப் வடிவக் கிளாஸ், 20 மி.லி. போதும். ஐஸ் வேண்டாம், குளிரில் மணம் எழாது. பதினைந்து நிமிடம் விட்டுவிடுங்கள். பிறகு வாயைச் சற்றுத் திறந்தபடி, மூக்கைக் கிளாஸுக்குள் நுழைக்காமல் விளிம்பருகே வைத்து மெதுவாக முகருங்கள். 55% சரக்கை ஆழ்ந்து இழுத்தால் மூக்கு மரத்து, அடுத்த சில நிமிடம் ஒன்றும் தெரியாது. முதல் மிடறு நாக்கைப் பழக்க மட்டுமே. இரண்டாவதைப் பத்து நொடி வாயில் வைத்திருந்து விழுங்குங்கள்.

படி 4: தண்ணீர்

கண்ணளவில் ஊற்றாதீர்கள், டிராப்பர் வையுங்கள். சூத்திரம் எளிது: கிளாஸில் உள்ள அளவை அதன் வலிமையால் பெருக்கி, வேண்டிய வலிமையால் வகுத்து, முதல் அளவைக் கழியுங்கள். 20 மி.லி. 57% மால்ட்டை 50%-க்குக் கொண்டுவர 2.8 மி.லி. தண்ணீர், 46%-க்கு 4.8 மி.லி., அதாவது ஏறத்தாழ ஒரு டீஸ்பூன். முதலில் 50-இல் நிறுத்தி ருசி பார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். கேன் தண்ணீர் போதும், சோடா கூடாது. 46%-க்குக் கீழே வரும்போது லேசாகக் கலங்கினால் பயப்பட வேண்டாம். குளிர்வடிகட்டல் (குளிரவைத்து வடிகட்டி, கலங்கவைக்கும் பொருள்களை நீக்குவது) செய்யாத மால்ட்டில் கொழுப்பமில எஸ்டர்கள் பிரிவதுதான் அது. ஆனால் இயல்பாகவே 45%-க்குக் கீழே இறங்கிவிட்ட மிகப் பழைய மால்ட்டுக்குத் தண்ணீர் காட்டவே காட்டாதீர்கள், அதன் செறிவு கரைந்து சப்பென்று ஆகிவிடும்.

எங்கே பிசகும்

தீக்குச்சி, ரப்பர் வாடை: ஷெர்ரி பீப்பாயில் ஏற்றிய கந்தகத்தின் மிச்சம். காற்றுப் பட்டால் சில நேரம் தணியும். கடுங்காபி டிகாக்‌ஷன் போல நாக்கை இழுக்கும் துவர்ப்பு: மரத்தில் அளவுக்கு மீறிக் கிடந்தது. தண்ணீர் அதைச் சரிசெய்யாது, கசப்பைத்தான் கூட்டும். நனைந்த அட்டை வாடை: தக்கைக் கோளாறு, கடையில் திருப்பிக் கொடுங்கள். புதிதாகத் திறந்தது மணம் எழாமல் மூடிக்கொண்டு இருப்பதாகத் தோன்றினால் தீர்ப்புச் சொல்லாமல் இரண்டு வாரம் கழித்துப் பாருங்கள்.

பாட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கியதும், மிச்சத்தை 200 அல்லது 100 மி.லி. கண்ணாடிப் புட்டிகளில் கழுத்து வரை நிரப்பி, பெயரும் தேதியும் ஒட்டி, வெளிச்சம் படாத அலமாரியில் வையுங்கள்.