கொரங்காட்டை மீட்பது எப்படி

காங்கேயம், மூலனூர் பக்கம் மழையை நம்பிக் கிடக்கும் மேய்ச்சல் காட்டுக்குக் கொரங்காடு என்று பெயர். அதில் புல் அற்றுப்போய்ச் சீமைக்கருவேலம் ஏறிவிட்டதென்றால் முதலில் அதை வேரோடு பிடுங்குங்கள், மேலாக வெட்டினால் தூரிலிருந்து மறுபடி கொத்தாகத் துளிர்க்கும். அப்புறம் கிளுவை என்ற முள்மரத்தின் போத்தை, அதாவது வெட்டிய கிளையை, நட்டு வேலி. ஐப்பசி மழைக்கு முன் லேசாக உழுது கொழுக்கட்டைப்புல் விதை தூவுங்கள். புது விதை சரியாக முளைக்காது, சில மாதம் வைத்திருந்த விதைதான் நல்லது. பஞ்சு மாதிரி பறக்கும், ஈர மணலோடு கலந்து வீசினால் அடங்கும். வெள்வேல மரத்தைத் தொடாதீர்கள், நிழலும் ஆச்சு, காய் ஆட்டுக்குத் தீனியும் ஆச்சு. சரி, கஷ்டம் இனிமேல்தான்: புல் விதை கொட்டும் வரை, பட்டியில் நின்று எவ்வளவு கத்தினாலும், ஒரு மாட்டைக்கூட உள்ளே விடக் கூடாது.