பாகம் பிரிக்கும்போது நடக்கும் தவறுகள்

உஹதுப் போரில் ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) கொல்லப்பட்ட பிறகு, அவருடைய மனைவி இரண்டு பெண் குழந்தைகளோடு நபிகளாரிடம் வந்தார். குழந்தைகளுடைய தந்தையின் சகோதரர் சொத்து முழுவதையும் எடுத்துக்கொண்டார் என்பது அவருடைய முறையீடு. குர்ஆனின் வாரிசுரிமை வசனம் இறங்கியதும் நபிகளார் அந்தச் சகோதரரை அழைத்து, மகள்கள் இருவருக்கும் மூன்றில் இரண்டு பங்கு, மனைவிக்கு எட்டில் ஒன்று, மீதி உமக்கு என்று சொன்னார்கள். 24 பாகமாக வைத்தால் 16, 3, 5.

அந்தச் சகோதரருக்கும் பங்கு இருந்தது, கவனியுங்கள். சொத்து தன் கையில் இருந்ததால் அதெல்லாம் தனது என்று நினைத்ததுதான் தவறு. இன்றும் பெரும்பாலான தகராறு அங்கேதான் தொடங்குகிறது. ஒருவர் இறந்த அந்த நொடியிலேயே வாரிசுகளின் பங்கு அவரவருக்கு உரியதாகிவிடுகிறது. அடக்கச் செலவும் கடனும் வஸிய்யத்தும் (இறப்புக்குப் பின் கொடுக்கச் சொல்லும் உயில்) மட்டுமே அதற்கு முந்தியவை. மூத்த மகன் யாருக்கும் எதையும் 'கொடுப்பதில்லை', இருப்பதை ஒப்படைக்கிறார். தொழுகையின் ரக்அத் (சுற்று) எண்ணிக்கையும் ஸகாத் என்ற கட்டாயத் தர்மத்தின் விகிதமும் குர்ஆனில் எண்களாக வரவில்லை. வாரிசுப் பங்குகளோ அந்நிஸா அத்தியாயத்தின் 11, 12, 176 வசனங்களில் பின்னங்களாகவே வருகின்றன. 13ஆம் வசனம் அவற்றை அல்லாஹ்வின் வரம்புகள் என்கிறது. குடும்பம் கூடிப் பேசி மாற்றிக்கொள்ளும் விஷயமாக இதை நினைப்பதுதான் முதல் பிழை.

'அம்மா இருக்கும்வரை பிரிக்க வேண்டாம்' என்ற பேச்சு மரியாதையாகத்தான் தோன்றும். ஆனால் பத்து வருடம் கழித்து அம்மாவும் ஒரு மகனும் இறந்திருப்பார்கள். அப்பாவின் சொத்தில் அவர்களுக்குரிய பங்கை அவரவர் வாரிசுகளுக்கு மறுபடியும் பிரிக்க வேண்டியிருக்கும். கணக்கு மேல் கணக்கு. வயதுவந்த வாரிசுகள் எல்லோரும் மனமொத்துச் சேர்ந்திருந்தால் தவறில்லை. யாருக்கு எவ்வளவு என்பதை முதலிலேயே எழுதிவைத்து, வாடகை வந்தால் அதையும் அந்த அளவில் பிரித்துக்கொள்ள வேண்டும்.

வரிசையிலும் பலர் தவறுகிறார்கள். அடக்கச் செலவு, கடன், வஸிய்யத், அப்புறம்தான் வாரிசுகள். மனைவிக்குக் கொடுக்காமல் விட்ட மஹரும் (கணவன் தர வேண்டிய மணக்கொடை) கடன்தான். எட்டில் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டு மஹரை அதில் கழித்துக்கொள்ள முடியாது. வசனத்தில் வஸிய்யத் முன்னால் வருகிறதே என்று கேட்கலாம். கடன்காரர் கதவைத் தட்டுவார், வஸிய்யத்தைக் கேட்க ஆள் இருக்காது. அது விடுபட்டுவிடக் கூடாது என்பதற்காகவே முன்னால் சொல்லப்பட்டது என்று அறிஞர்கள் விளக்குகிறார்கள். தீர்ப்பில் கடனே முந்தியது.

பெற்றோரை மறந்துவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. ஒருவர் மனைவி, தாய், தந்தை, ஒரு மகன், ஒரு மகளை விட்டுச் செல்கிறார் என்று வையுங்கள். 72 பாகத்தில் மனைவிக்கு 9, தாய்க்கு 12, தந்தைக்கு 12, மகனுக்கு 26, மகளுக்கு 13. இங்கே தாயும் தந்தையும் சமம். அதனால் 'பெண்ணுக்கு எப்போதும் பாதிதான்' என்று பொதுவாகச் சொல்வதும் பிழை. தாய்வழியில் மட்டும் உடன்பிறந்த சகோதர சகோதரிகள் பங்கு பெறும் இடத்திலும் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம பங்குதான்.

மகளிடம் 'உன் கல்யாணத்துக்குச் செலவு செய்தாயிற்றே' என்று சொல்லி முடித்துவிடுவதை எத்தனை வீடுகளில் பார்க்கிறோம்! வாரிசுரிமை மரணத்துக்குப் பிறகே பிறக்கிறது. உயிரோடு இருந்தபோது செய்த செலவு அதை எப்படி ஈடுசெய்யும்? சகோதரி மனமுவந்து விட்டுக்கொடுக்கலாம், அது அவருடைய உரிமை. ஆனால் பங்கு எவ்வளவு என்றே தெரியாமல், நாலு பேர் சூழ உட்கார்ந்திருக்க வாங்கிய கையெழுத்து மனமுவந்ததா என்பதை வாங்கியவர்தான் யோசிக்க வேண்டும். சிறு குழந்தையின் பங்கை விட்டுக்கொடுக்கக் காப்பாளருக்கும் அதிகாரமில்லை.

உயிரோடு இருக்கும்போதே பிரித்துக் கொடுப்பது ஹிபா, அதாவது அன்பளிப்பு. சொத்து உண்மையில் கைமாற வேண்டும். 'என் காலத்துக்குப் பிறகு உனக்கு' என்று எழுதிய தாள் ஹிபா ஆகாது, அது வஸிய்யத். ஸுன்னி மத்ஹபுகளின் (சட்டப் பள்ளிகளின்) படி, மற்ற வாரிசுகள் சம்மதித்தால் தவிர, வாரிசுக்கு வஸிய்யத் செல்லாது. மற்றவர்களுக்கும் மூன்றில் ஒன்றைத் தாண்டக் கூடாது. 'மூன்றில் ஒன்றே அதிகம்' என்றுதான் ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்களிடம் நபிகளார் சொன்னார்கள்.

இந்த மூன்றில் ஒன்றைப் பயன்படுத்தாமல் விடுவதை நான் பெரிய தவறாகவே நினைக்கிறேன். தந்தைக்கு முன்பே மகன் இறந்து, இன்னொரு மகன் உயிரோடு இருந்தால், இறந்த மகனின் பிள்ளைகளுக்கு வாரிசுப் பங்கு வராது. வளர்ப்புப் பிள்ளைக்கும் இல்லை. இவர்களுக்குத் தாத்தாவோ வளர்த்தவரோ வஸிய்யத் எழுதிவைக்கலாம். பலர் எழுதுவதில்லை. அதனால்தான் எகிப்து 1946இல் கொண்டுவந்த சட்டம், தாத்தா எழுதாமல் விட்டாலும் அந்தப் பேரப்பிள்ளைகளுக்கு மூன்றில் ஒன்றுக்கு மிகாமல் கட்டாய வஸிய்யத் உண்டு என்றது.